யூத மார்க்கமும் பிறரைச் சேர்த்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்கள் மதம் பரப்புவதில்லை என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா?

பெருமளவு உண்மைதான். வீடு வீடாகச் சென்று யூத மார்க்கத்தில் சேரும்படி அழைக்கும் ஊழியர்களை இன்று காண்பது அரிது. தாமாகத் தேடி வருபவரைக்கூட ரப்பிகள் எனப்படும் மார்க்க ஆசிரியர்கள் முதலில் திருப்பி அனுப்பிப் பார்ப்பதே வழக்கம். ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் விஷயத்தில் பாதி விடுபட்டுப்போகும். வெளியாரை அழைக்கலாமா, வழக்கத்தைக் கைவிட்ட யூதரைத் திரும்ப அழைப்பதை மதம் பரப்புதல் என்று சொல்லலாமா, கலப்பு மணம் செய்தவரின் துணையை எந்த இடத்தில் வைப்பது என்றெல்லாம் யூதர்களுக்குள்ளேயே நெடுங்காலமாக வாக்குவாதம் நடந்துவருகிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதன் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், யூதராக இருப்பது ஒரே நேரத்தில் ஒரு குடியில் பிறந்திருப்பதும் ஒரு மார்க்கத்தைக் கைக்கொள்வதுமாக இருக்கிறது என்பதில்தான். மோவாபியப் பெண்ணான ரூத், விதவையான தன் மாமியார் நகோமியிடம் சொன்ன வாக்கியத்தைத் தமிழ் வேதாகமம் படித்தவர்கள் அறிவார்கள்: "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்; உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." ஜனம் முதலில் வருகிறது, தேவன் அடுத்து வருகிறார். ஒரு நம்பிக்கையை எவரும் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்குள் நுழைய அந்தக் குடும்பமும் சம்மதிக்க வேண்டும். கீழே வரும் சர்ச்சைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்து புறப்பட்டவை.

எந்தக் காலத்திலும் அவர்கள் பிறரைச் சேர்க்க முயன்றதில்லையா?

முயன்றிருக்கிறார்கள், ஒரு கட்டத்தில் படைபலத்தைக் கொண்டும் சேர்த்திருக்கிறார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூதேயாவை ஆண்ட ஹஸ்மோனிய அரச குலத்தைச் சேர்ந்த யோவான் ஹிர்க்கானு, யூதேயாவின் தெற்கே வாழ்ந்த இதுமேயரை வென்று, விருத்தசேதனம் செய்துகொண்டு யூதச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டால் தங்கள் நாட்டிலேயே இருக்கலாம் என்று கட்டளையிட்டதாக வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். அந்த இதுமேயர் வழியில் வந்தவர்தான் பெரிய ஏரோது. மதம் மாறி இரண்டு மூன்று தலைமுறை கடந்த பிறகும், அரசுரிமைக்கு அவரோடு போட்டியிட்ட ஹஸ்மோனியக் குலத்து அந்திகோனு அவரைப் 'பாதி யூதன்' என்று இகழ்ந்தார். கட்டாயப்படுத்திச் சேர்த்தவர்களே பிறகு அந்தச் சேர்க்கையைக் குத்திக்காட்டினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

விரும்பி வந்தவர்களும் உண்டு. இன்றைய ஈராக்கின் எர்பில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அதியபேனே அரசின் அரசி ஹெலனாவும் அவருடைய மகன் இசாத்தேயும் கி.பி. முதல் நூற்றாண்டில் யூத மார்க்கத்தைத் தழுவினார்கள். அரண்மனைப் பெண்களுக்குக் கற்பித்துவந்த அனனியா என்ற வணிகர், விருத்தசேதனம் செய்துகொள்ளாமலேயே கடவுளை வழிபடலாம், குடிமக்களின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டாம் என்று இசாத்தேக்கு அறிவுரை சொன்னார். பின்னர் கலிலேயாவிலிருந்து வந்த எலெயாசர் என்பவர், அரசர் யூத வேதமான தோராவை வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அதை வாசித்தால் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும் என்று கண்டித்தார். அரசர் உடனே விருத்தசேதனம் செய்துகொண்டார். கதவை எவ்வளவு அகலமாகத் திறப்பது என்ற கேள்வியில் இரண்டு யூத ஆசிரியர்கள் எதிரெதிராக நிற்கும் காட்சி அப்போதே இருந்திருக்கிறது. எருசலேமில் பஞ்சம் வந்தபோது ஹெலனா அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்ரசிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வரவழைத்து மக்களுக்குக் கொடுத்தார்.

மத்தேயு சுவிசேஷத்தில் பரிசேயர்களைப் பற்றி, "ஒருவனை உங்கள் மார்க்கத்தானாக்கும்படி சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிகிறீர்கள்" என்று இயேசு சொல்வதாக வருகிறது. இதை வைத்து, அக்காலத்தில் பெரிய யூத மதப் பிரசாரம் நடந்தது என்று முந்தைய தலைமுறை அறிஞர்கள் பலர் கருதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் மார்ட்டின் குட்மன் போன்றோர் 1990-களில் இதை வலுவாக மறுத்தார்கள். எனக்கு மறுப்பவர்களின் வாதமே பொருத்தமாகப் படுகிறது. துருக்கியின் அப்ரோதிசியாவில் 1976-இல் கிடைத்த ஒரு கல்வெட்டில் யூதர்களின் பெயர்களோடு, மதம் மாறியவர்கள் மூவரும், மாறாமலேயே கடவுளுக்குப் பயந்தவர்கள் என்ற பட்டத்தோடு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். வெளியார் பலர் ஜெப ஆலயத்தைச் சுற்றி இருந்தார்கள், அவர்களில் சிலரே உள்ளே நுழைந்தார்கள் என்பதைத்தான் அந்தக் கல் காட்டுகிறது. ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சேர்த்ததற்கான சான்று இதில் இல்லை.

பிறகு கதவு இவ்வளவு இறுகியது ஏன்?

உயிர்ப்பயம் முதல் காரணம். உரோமப் பேரரசர் அந்தோனினு பியு, யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே விருத்தசேதனம் செய்யலாம் என்று 2-ஆம் நூற்றாண்டில் வரம்பு விதித்தார். பேரரசு கிறிஸ்தவமானபின், ஒருவரை யூதராக்குவதும் யூதராவதும் தண்டனைக்குரிய குற்றங்களாயின; 438-இல் வெளியான தியோடோசியச் சட்டத் தொகுப்பில் இந்தத் தடைகளைக் காணலாம். இஸ்லாமிய ஆட்சியிலும் முஸ்லிம் ஒருவர் யூதராவதற்கு இடமில்லை. 1222-இல் ஆக்ஸ்ஃபோர்டில், யூத மார்க்கத்தைத் தழுவிய ஒரு கிறிஸ்தவத் திருத்தொண்டர் எரித்துக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட நாடுகளில், கதவைத் தட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கும் ஆபத்து, சேர்த்த ஊருக்கே ஆபத்து.

நூற்றாண்டுக்கணக்கில் அச்சத்தால் செய்தது காலப்போக்கில் வழக்கமாயிற்று. வழக்கம் பிறகு கொள்கையாகப் பேசப்படலாயிற்று. இன்று "நாங்கள் இயல்பிலேயே மதம் பரப்பாதவர்கள்" என்று பெருமிதத்தோடு சொல்லும் யூதர்கள், அந்தப் பெருமிதத்தின் ஒரு பகுதி பிறர் விதித்த தடையிலிருந்து வந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

தல்மூத் மதம் மாறி வருபவர்களை வரவேற்கிறதா, வெறுக்கிறதா?

ரப்பிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூல் தல்மூத். இரண்டுக்கும் அதில் மேற்கோள் கிடைக்கும். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வாதாடுவதுதான் நடைமுறை. "மதம் மாறி வருபவர்கள் இஸ்ரவேலுக்குத் தோல் சொறியைப் போலக் கடினமானவர்கள்" என்று ரப்பி ஹெல்போ சொல்கிறார். "மதம் மாறுவோர் வந்து சேரும்பொருட்டே கடவுள் இஸ்ரவேலை நாடுகளுக்குள் சிதறடித்தார்" என்று ரப்பி எலெயாசர் சொல்கிறார். முன்னது கதவடைப்பவர்களின் வாக்கு, பின்னது கதவு திறப்பவர்களின் வாக்கு.

ஹெல்போவின் சொல்லுக்கு இடைக்காலத்தில் எழுந்த உரைகள் அந்தச் சொல்லைக் காட்டிலும் சுவையானவை. புதிதாக வந்தவர்களுக்குச் சட்டநுட்பம் தெரியாததால் பிறரும் தவறுவார்கள் என்று ஓர் உரை சொல்கிறது. தாமே மதம் மாறி வந்த ஆபிரகாம் என்ற ஒருவர் இதைத் தலைகீழாக்கினார்: மாறி வந்தவர்கள் கட்டளைகளை மிகக் கவனமாகக் கடைப்பிடிக்கிறார்கள், அவர்களோடு ஒப்பிடும்போது பிறவி யூதர்களின் அலட்சியம் வெளிப்பட்டுவிடுகிறது, அதனால்தான் அவர்கள் 'கடினம்' என்றார் அவர். அவமதிப்பாகப் படித்துவந்த வாக்கியத்தை, அவமதிக்கப்பட்டவர் தம் பக்கம் திருப்பிக்கொண்ட இந்த உரை தோசஃபோத் என்னும் தல்மூத் உரைத்தொகுப்பிலேயே இடம்பெற்று இன்றுவரை படிக்கப்படுகிறது.

பழங்கால யூத ஆசிரியர்களான ஹில்லேல், ஷம்மாய் இருவரின் கதையும் இதே சர்ச்சைதான். தாம் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா முழுவதையும் கற்பித்தால் யூதராகிறேன் என்று ஒருவர் வந்து கேட்டார். ஷம்மாய் கையிலிருந்த அளவுகோலால் அவரைத் துரத்தினார். ஹில்லேல், "உனக்கு வெறுப்பானதை உன் அயலானுக்குச் செய்யாதே, இதுவே முழுத் தோரா, மற்றதெல்லாம் விளக்கம், போய்க் கற்றுக்கொள்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். பலர் மேற்கோள் காட்டும்போது கடைசிச் சொற்களை விட்டுவிடுகிறார்கள். ஹில்லேல் கதவைத் திறந்தார், கற்றலைத் தள்ளுபடி செய்யவில்லை.

ஒருவர் யூதராக வேண்டுமென்றால் உண்மையில் என்ன நடக்கும்?

யெபாமோத் என்னும் தல்மூத் பகுதியில் இதன் மூல வடிவம் இருக்கிறது. வருபவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எதைக் கண்டு வந்தீர்? இக்காலத்தில் இஸ்ரவேலர் துன்புற்று, நெருக்கப்பட்டு, அலைக்கழிக்கப்படுகிறார்கள் என்பது உமக்குத் தெரியாதா?" என்பதுதான். அவர், "தெரியும், அதற்கும் நான் தகுதியற்றவன்" என்று சொன்னால் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். எளிய கட்டளைகள் சிலவற்றையும் கடினமான கட்டளைகள் சிலவற்றையும் சொல்கிறார்கள். அவரை அளவுக்கு மீறி அச்சுறுத்தவோ துருவவோ கூடாது என்றும் அதே பகுதி எச்சரிக்கிறது. தயங்கவைப்பதற்கும் விரட்டுவதற்கும் இடையிலான வேறுபாட்டை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பகுதி வேறொன்று எனக்குத் தெரியாது.

ஆணுக்கு விருத்தசேதனமும் மிக்வே எனப்படும் சடங்குநீர்த் தொட்டியில் முழுக்கும் உண்டு. பெண்ணுக்கு முழுக்கு மட்டும். பெண் முழுகும்போது பெண்களே அவரைக் கழுத்தளவு நீரில் அமர்த்துகிறார்கள். கற்றறிந்தவர்கள் வெளியே நின்றபடி கட்டளைகளைச் சொல்கிறார்கள். நீர் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, சுவருக்கு அப்பாலிருந்து ஓய்வுநாளைப் பற்றியும் உணவுச் சட்டங்களைப் பற்றியும் ஒரு குரல் கேட்கிறது. அதைக் கேட்டு ஒப்புக்கொண்டு அவர் தலை முழுகி எழுகிறார். எழுந்தவர் எல்லா வகையிலும் இஸ்ரவேலரே என்பது தல்மூதின் தீர்ப்பு.

இன்றைய நடைமுறையில் மூவர் அமர்ந்த பேத் தீன் எனும் மார்க்க நீதிமன்றமும், அதற்கு முன் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ படிப்பும் இருக்கும். மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டும் என்ற வழக்கம், நகோமி ரூத்தை மூன்று முறை "திரும்பிப் போ" என்று சொன்னதிலிருந்து எடுத்தது. வைதிகப் பிரிவினர் எல்லாக் கட்டளைகளையும் ஏற்க வேண்டும் என்கிறார்கள்; சீர்திருத்தப் பிரிவினர் மனப்பூர்வமான ஈடுபாட்டையும் படிப்பையும் முதன்மையாகக் கொள்கிறார்கள். ஒரு பிரிவின் பேத் தீன் சேர்த்தவரை மற்றொரு பிரிவு ஏற்காமல் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

யூதராகாதவர்களுக்கு மறுமை இல்லை என்று நம்பினால் அவர்களைச் சேர்க்க வேண்டாமா?

அப்படி அவர்கள் நம்புவதில்லை. பிற இனத்தாரில் நீதிமான்களுக்கும் வரும் உலகில் பங்குண்டு என்பது ரப்பிகளின் மரபில் நிலைபெற்ற கருத்து. உருவ வழிபாடு, தெய்வ நிந்தனை, கொலை, முறைகேடான உறவு, திருட்டு, உயிருள்ள விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்னல் ஆகியவற்றை விலக்கி, நீதிமன்றங்களையும் ஏற்படுத்த வேண்டும் என்ற ஏழு கட்டளைகள் நோவாவின் மக்கள் அனைவருக்கும் பொது. யூதருக்குத் தோராவின் 613 கட்டளைகள். எவரும் நரகத்துக்குப் போய்விடுவார் என்ற பதற்றம் இல்லாததால், அவரைக் காப்பாற்ற ஓட வேண்டிய அவசரமும் இல்லை. மதப் பிரசாரம் யூத மார்க்கத்தில் பெரிதாக வளராததற்கு அச்சத்தைப் போலவே இந்த இறையியலும் காரணம்.

'கிரூவ்' என்கிறார்களே, அது என்ன?

'நெருக்கமாக்குதல்' என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள். யூதராகப் பிறந்தும் வழக்கங்களைக் கைவிட்டவர்களையோ ஒருபோதும் கற்காதவர்களையோ மார்க்கத்துக்கு அருகில் கொண்டுவருவது கிரூவ். இப்படித் திரும்பி வருபவரை 'பால் தெஷுவா' என்பார்கள்.

இதில் முன்னணியில் நிற்பது சபாத் லுபாவிச் இயக்கம். அதன் தலைவராக 1951-இல் பொறுப்பேற்று 1994-இல் காலமான மெனஹெம் மெண்டல் ஷ்னேர்சன், புரூக்ளின் நகர்ப்பகுதியிலிருந்து இளம் தம்பதியரை உலகெங்கும் அனுப்பினார். அவர்கள் போன ஊரிலேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து, வீட்டையே ஆலயமாகவும் விருந்தகமாகவும் நடத்துவார்கள். 2008 நவம்பரில் தாக்குதலுக்குள்ளான மும்பை நரிமன் ஹவுஸ் அப்படிப்பட்ட ஒரு வீடுதான். அதை நடத்திவந்த ரப்பி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் அங்கே கொல்லப்பட்டார்கள்.

1967-இல் ஆறு நாள் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஷ்னேர்சன், தெஃபில்லின் எனும் ஜெபப் பெட்டிகளை அணிவிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். தெருமுனையில் ஒரு சிறு மேசை, கறுப்புத் தொப்பியணிந்த இளைஞர் ஒருவர் வழிப்போக்கரிடம், "மன்னிக்கவும், நீங்கள் யூதரா?" என்று கேட்பார். ஆம் என்றால், வேதவசனங்கள் எழுதிய தோல்சுருள் அடங்கிய கறுப்புப் பெட்டி ஒன்றை அவருடைய இடது மேற்கையில் இதயத்தின் பக்கம் வைத்து, தோல்வாரை முன்கையில் ஏழு சுற்றுச் சுற்றி, மற்றொரு பெட்டியை நெற்றிக்கு மேலே வைத்து, "இஸ்ரவேலே, கேள்" என்ற ஜெபத்தைச் சொல்லவைப்பார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லை என்று சொன்னால், நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்தி அனுப்பிவிடுவார். உலகின் பெரிய மதப்பணிகளில், 'நீங்கள் எங்களவரா?' என்று முதலில் கேட்டு, இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடும் பணி இது ஒன்றாகத்தான் இருக்கும். யூதரல்லாதவர்களிடம் ஷ்னேர்சன் பேசச் சொன்னதும் யூதராவதைப் பற்றி அல்ல, நோவாவின் ஏழு கட்டளைகளைப் பற்றித்தான்.

அது மதம் பரப்புதல் ஆகாதா?

கிரூவ் செய்பவர்கள் ஆகாது என்கிறார்கள்: பிறவியிலேயே உரிமையானதை நினைவூட்டுகிறோம், புதிதாக எதையும் விற்கவில்லை என்பது அவர்கள் வாதம். இதற்கு அவர்கள் இடைக்கால யூதப் பேரறிஞர் மைமோனிடீசைத் துணைக்கு அழைக்கிறார்கள். வழிதவறிய பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகள் சிறைபிடிக்கப்பட்ட குழந்தைக்குச் சமம், அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல் அமைதியான சொற்களால் ஈர்க்க வேண்டும் என்று 12-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதினார்.

எதிர்ப்பவர்கள் பலவகை. மதச்சார்பற்ற பெற்றோர், கல்லூரிக்குப் போன மகன் திரும்பி வந்து தாயின் சமையலறையில் சாப்பிட மறுக்கிறான் என்று மனம் நோகிறார்கள்; உணவுச் சட்டப்படி அந்தப் பாத்திரங்கள் அவனுக்கு ஆகாதவையாகிவிட்டன. சீர்திருத்தப் பிரிவினர், 'சிறைபிடிக்கப்பட்ட குழந்தை' என்ற பட்டத்தையே அவமதிப்பாகக் கருதுகிறார்கள். எங்கள் யூத வாழ்வை அறியாமை என்று சொல்ல நீங்கள் யார் என்பது அவர்கள் கேள்வி. வைதிகர்களுக்குள்ளேயே, லித்துவேனிய மரபின் பெருந்தலைவரான ரப்பி எலெயாசர் ஷாக், ஷ்னேர்சனைச் சுற்றி வளர்ந்த மேசியா எதிர்பார்ப்பைக் கடுமையாகத் தாக்கினார்.

என் பார்வையில் பெற்றோரின் குறைதான் இவற்றில் கனமானது. இலவச விருந்தும் பாட்டும் தந்து அழைத்து, இது முழு வாழ்க்கையையும் மாற்றக் கேட்கும் பாதை என்பதை மாதங்கள் கழித்துச் சொல்வது நேர்மையாகாது. மாறி வரும் அந்நியரிடம் கடினமான கட்டளைகளை முன்கூட்டியே சொல்லிவிடு என்று தல்மூத் கேட்கிறது. சொந்தப் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை உரியதே.

1978-இல் அமெரிக்காவில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று ஹூஸ்டன் நகரில் சீர்திருத்தச் சபைகளின் ஒன்றியத் தலைவர் ரப்பி அலெக்சாண்டர் ஷிண்ட்லர் ஆற்றிய உரை இந்தச் சர்ச்சையின் திருப்புமுனை. கலப்பு மணம் செய்தவர்களை இறந்துபோனவர்களாகப் பாவித்துத் துக்கம் காப்பதை விட்டுவிட்டு, அந்தக் குடும்பங்களை ஆலயத்துக்குள் வரவேற்க வேண்டும் என்றார். அத்தோடு நிற்காமல், எந்த மதத்திலும் சேராமல் தேடிக்கொண்டிருக்கும் அமெரிக்கர்களுக்கு யூத மார்க்கத்தை எடுத்துச்சொல்லவும் வேண்டும் என்றார். முதல் பகுதி பெரிய திட்டமாக வளர்ந்தது. இரண்டாம் பகுதி பெரும்பாலும் பேச்சாகவே நின்றது. அவருடைய பிரிவினரே அதற்குக் கூச்சப்பட்டார்கள்.

1983-இல் சீர்திருத்த ரப்பிகள் இன்னொரு படி சென்றார்கள். தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது ஹலாகா எனும் மரபுச் சட்டம். பெற்றோரில் எவர் ஒருவர் யூதராக இருந்தாலும், பிள்ளை யூதராக வளர்ந்து அதை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டால் போதும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். வைதிகரும், வைதிகத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவே நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவினரும் இதை ஏற்கவில்லை. மதம் மாறவே தேவையில்லாமல் ஒருவர் ஒரு பிரிவுக்கு யூதராகவும் மற்றவற்றுக்கு வெளியாராகவும் இருக்கும் நிலை இதனால் உருவானது.

கலப்பு மணக் குடும்பங்களை வரவேற்பதை எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

வரவேற்பே கலப்பு மணத்தை வழக்கமாக்கிவிடும் என்கிறார்கள். பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது, விளிம்பில் நிற்பவரைத் தேடிப் போவதைவிட உள்ளே இருப்பவர்களின் பள்ளிகளையும் முகாம்களையும் பலப்படுத்துவதே அறிவுடைமை என்பது வரலாற்றாசிரியர் ஜாக் வெர்ட்ஹைமர் போன்றோரின் நிலைப்பாடு. சமூகவியலாளர் கேரி டோபின் இதற்கு நேர் எதிராக, கூச்சத்தை விட்டு வெளிப்படையாகவே மதம் மாற அழைக்க வேண்டும் என்று 1990-களின் இறுதியில் வாதிட்டார். பியூ ஆய்வு மையம் 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில், 2010-க்குப் பிறகு மணம் செய்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதத்தினரின் துணை யூதரல்லாதவர். ஒரு தரப்பார் இந்த எண்ணை வரவேற்பின் தோல்வி என்று படிக்கிறார்கள், மற்றொரு தரப்பார் வரவேற்பின் தேவை என்று படிக்கிறார்கள். புதிதாக அமையும் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை விளிம்பு என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதம் மாறியவர்களை முற்றாகவே ஏற்காத யூதச் சமூகம் உண்டா?

ஏறக்குறைய அப்படி ஒன்று உண்டு. புரூக்ளினில் வாழும் சிரிய யூதர்களின் ரப்பிகள் 1935-இல் ஓர் ஆணை வெளியிட்டார்கள். திருமணத்துக்காக மதம் மாறியவர்களை அச்சமூகம் தன்னோடு சேர்ப்பதில்லை. இதற்கு முன்னோடி 1927-இல் புவனோஸ் அயர்சில் வெளியான தடை. கலப்பு மணம் அங்கே குறைவாக இருப்பதை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ரூத் வந்திருந்தால் அங்கே என்ன செய்திருப்பார்கள் என்று மற்ற யூதர்கள் கேட்கிறார்கள். தாவீது அரசர் ரூத்தின் வழியில் வந்தவர்.

இஸ்ரேல் நாட்டில் இது ஏன் அரசியல் பிரச்சினையாகிறது?

அங்கே யார் யூதர் என்பது குடியுரிமையையும் திருமணத்தையும் கல்லறையையும் தீர்மானிக்கிறது. 1950-இன் திரும்பிவரும் உரிமைச் சட்டத்தில் 1970-இல் செய்த திருத்தம், யூதரின் பேரப்பிள்ளைகளுக்கும் குடியேறும் உரிமை தந்தது. அதே திருத்தம் யூதர் என்பதை யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறியவர் என்று வரையறுத்தது. 1989 முதல் சோவியத் நாடுகளிலிருந்து வந்த ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் இலட்சக்கணக்கானோர் குடியுரிமை பெற்றார்கள், ஆனால் ஹலாகாவின்படி யூதராகக் கருதப்படவில்லை. உள்நாட்டில் மதச்சார்பற்ற திருமணம் இல்லாததால், எபிரேயம் பேசி, படையில் பணியாற்றும் இளைஞர்கள் மணமுடிக்கச் சைப்ரசுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

இவர்களுக்காகவே அரசு ஒரு மதமாற்ற ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவர் ரப்பி ஹைம் துரூக்மன் நடத்திய மதமாற்றங்கள் செல்லாது என்று 2008-இல் ரப்பிகளின் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவாகரத்துக்காக வந்த ஒரு பெண், பல ஆண்டுகளுக்கு முன் மதம் மாறியவர், ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கவில்லை என்று சொன்னதிலிருந்து வழக்கு இந்த எல்லைக்குப் போனது. அவர் மட்டுமல்லாமல் அவருடைய பிள்ளைகளும், அந்த ஆணையத்தின் வழியே வந்த ஆயிரக்கணக்கானோரும் ஒரே நாளில் ஐயத்துக்குரியவர்களானார்கள். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது.

நுழைவதற்குமுன் எவ்வளவு கடினமாகக் கேட்டாலும் அதற்கு நியாயம் இருக்கலாம். நுழைந்து பதினைந்து ஆண்டு கழித்து, பிள்ளை பெற்று வளர்த்தபின் கதவைத் திரும்பத் திறந்து வெளியே நிற்கச் சொல்வதற்கு நியாயமே இல்லை. மதம் மாறியபின் ஒருவர் தவறினால் அவர் தவறிய யூதரே என்று தல்மூத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2021 மார்ச்சு 1 அன்று உச்ச நீதிமன்றம், இஸ்ரேலுக்குள் சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் பிரிவுகளில் மதம் மாறியவர்களுக்கும் குடியுரிமைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அவர்களுடைய திருமணத்துக்குப் பொறுப்பு இன்னும் தலைமை ரப்பியகத்திடமே இருக்கிறது.

இந்தியாவில் இதற்குத் தொடர்பு உண்டா?

இரண்டு இடங்களில் உண்டு. மணிப்பூர், மிசோரம் மாநிலங்களில் வாழும் பெனே மெனாஷே மக்கள் தங்களை மனாசே கோத்திரத்தார் என்று கருதுகிறார்கள். 2005-இல் தலைமை ரப்பி ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேலின் வழித்தோன்றல்களாக ஏற்றார். ஆனாலும் முறைப்படி மதம் மாற வேண்டும் என்றார். அதே ஆண்டு மிசோரமுக்கு வந்த ரப்பிகள் பெருந்தொகையினரை மதம் மாற்றியபோது இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. இஸ்ரேல் அந்தக் குழுவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மதம் பரப்புவதில்லை என்று பெயர்பெற்ற மார்க்கத்தின்மேல் மதமாற்றப் புகார் எழுந்த அரிய நிகழ்ச்சி அது.

மற்றது கொச்சி. அங்கே குடியேறிய பரதேசி யூதர்கள் தங்கள் அடிமைகளை யூதராக்கி விடுதலை செய்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களுக்கு மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டவர்கள் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து போன கேள்விக்குக் கெய்ரோவின் பேரறிஞர் ரப்பி தாவீது இபன் சிம்ரா, முறைப்படி முழுக்குச் செய்தபின் எல்லாரும் சமமான யூதரே, மணவுறவும் கொள்ளலாம் என்று பதில் எழுதினார். பதில் வந்தும் பரதேசிகள் அதன்படி நடக்கவில்லை. 1568-இல் பரதேசிகள் கட்டிய ஆலயத்தின் முன்கூடத்தில் மெஷுஹ்ராரிம் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் தரையில் அமர்ந்தார்கள். தோரா வாசிக்க அவர்களை அழைக்கவில்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம், 20-ஆம் நூற்றாண்டில் காந்தியாரின் வழியில் அந்த ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் நடத்தித் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். மார்க்கத்தில் சேர்த்துவிட்டுப் பந்தியில் சேர்க்காத இந்த வழக்கத்துக்குத் தோராவில் ஆதாரம் இல்லை. நம் ஊர்ச் சாதியில்தான் ஆதாரம் இருக்கிறது.

பிற மதத்தார் தங்களிடம் மதம் பரப்புவதை யூதர்கள் இவ்வளவு வெறுப்பது ஏன்?

நினைவுகளால். உரோமில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டுவரை யூதர்கள் வாரந்தோறும் கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கட்டாயமாகக் கேட்க வேண்டியிருந்தது. 1858-இல் பொலோனா நகரில், பணிப்பெண் ஒருத்தி இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள் என்பதற்காக எத்கார்தோ மோர்த்தாரா என்ற ஆறு வயதுச் சிறுவனைப் போப்பரசின் காவலர்கள் பெற்றோரிடமிருந்து பறித்துக்கொண்டுபோனார்கள்; அவன் திரும்பவில்லை, குருவாகவே வாழ்ந்து மறைந்தான். இன்றும் 1973-இல் தொடங்கிய 'இயேசுவுக்காக யூதர்கள்' போன்ற அமைப்புகளை யூதப் பிரிவுகள் அனைத்தும் ஒரே குரலில் எதிர்க்கின்றன. பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறத் தூண்டுவதை இஸ்ரேல் 1977-இல் குற்றமாக்கியது. யூதர்களை நோக்கித் தனியாக நிறுவன ரீதியான மிஷன் பணி எதையும் தான் நடத்துவதோ ஆதரிப்பதோ இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 2015 டிசம்பரில் அறிவித்தது.

மாறி வந்தவர் ஜெபத்தில் "எங்கள் பிதாக்களின் தேவனே" என்று சொல்லலாமா?

சிறிய கேள்வி போலத் தோன்றும்; என் மனத்தில் மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அது, அவர் 'எங்கள் பிதாக்கள்' என்று சொல்லக் கூடாது, அவருடைய பிதாக்கள் இஸ்ரவேலர் அல்லர் என்கிறது. எருசலேம் தல்மூத், ஆபிரகாம் பல ஜாதிகளுக்குத் தகப்பன், ஆகையால் சொல்லலாம் என்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற மதம் மாறியவர் இதை எகிப்திலிருந்த மைமோனிடீசுக்கு எழுதிக் கேட்டார். மைமோனிடீஸ் பதில் எழுதினார்: ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம், பிறவி யூதர் ஒவ்வொருவரும் சொல்வதைப் போலவே நீரும் சொல்லும், ஆபிரகாமின் வழியைக் கற்று வந்த ஒவ்வொருவரும் அவருடைய வீட்டார், உமது குலத்தைத் தாழ்வாக எண்ணாதீர், நாங்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வழி வந்தவர்கள் என்றால், நீரோ சொல்லால் உலகைப் படைத்தவர் வழி வந்தவர். இன்றும் மாறி வந்தவரைத் தோரா வாசிக்க அழைக்கும்போது, தகப்பன் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் 'நம் தகப்பன் ஆபிரகாமின் மகன்' என்றே அழைக்கிறார்கள்.